சில்கிக் கோழிக்குத் தலையில் கொத்து, பிறகு கழுத்துத் திருகல்: கழிச்சல் நோயா, காயமா?

சேர்வராயன் தோட்டக்காரி (ஏற்காடு)

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டில் சில சில்கிக் கோழிகளும் நாட்டுக்கோழிகளும் ஒரே அடைப்பில் வளர்கின்றன. சென்ற வாரம் ஒரு நாட்டுச் சேவல் வெள்ளைச் சில்கிப் பெட்டை ஒன்றின் உச்சந்தலையில் கொத்திவிட்டது. சிறிதளவு இரத்தம் கசிந்து அன்றே நின்றுவிட்டதால் பெரிதாக எதுவும் தோன்றவில்லை. ஆனால் அடுத்தடுத்த நாள்களில் அந்தக் கோழியின் கழுத்து பின்புறமாகத் திருகிக்கொண்டது. நடக்க முயன்றால் பின்னோக்கியே நகர்கிறது. சில வேளைகளில் தலை கால்களுக்கிடையே சென்று உருண்டு விழுகிறது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் இது வெள்ளைக் கழிச்சல்தான், மற்றவற்றுக்குப் பரவுமுன் அறுத்துவிட வேண்டும் என்கிறார். அதற்கு மனம் ஒப்பவில்லை. மற்ற கோழிகளை இழக்கவும் விருப்பமில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

அயோத்தியாப்பட்டணம் நாட்டுக்கோழி

அம்மா, அந்தப் பெரியவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கழிச்சல் வந்து பிழைத்த கோழிகளின் கழுத்து இப்படித் திருகிக்கொள்வதை எங்கள் பக்கத்தில் பலமுறை கண்டிருக்கிறோம். ஒன்றைக் காப்பாற்றப் போய்க் கூட்டத்தையே இழந்த வீடுகளும் உண்டு. மேலும், பறக்கவும் தெரியாத, மழையும் தாங்காத, கண்ணை மறைக்கும் கொண்டையுடன் பருந்து வருவதைக்கூடப் பார்க்காத இந்த அலங்காரக் கோழிகளை மலையில் வளர்ப்பதே வீண் செலவு என்பது என் கருத்து. அசீல் எனும் சண்டைக்கோழிக்கு இதைப்போல் பத்து மடங்கு காயம் பட்டாலும் மஞ்சளை அப்பிவிட்டால் மறுநாள் இரை பொறுக்கும்.

கால்நடைத்துறை ஓய்வு (சேலம்)

அம்மா, அவசரப்பட்டு அறுத்துவிட வேண்டாம். கழுத்துத் திருகல் ஒரு நோயின் பெயரன்று; மூளையோ நரம்போ பாதிக்கப்பட்டதைக் காட்டும் அறிகுறி மட்டுமே. கழிச்சலிலும் அது வரும், தலைக்காயத்திலும் வரும், உயிர்ச்சத்துக் குறைபாட்டிலும் வரும். உங்கள் கோழிக்கு எதனால் வந்தது என்பதைப் பிரித்தறிந்த பின்னரே அடுத்த முடிவு.

சில்கியைப் பொறுத்தவரை தலைக்காயத்தை முதலில் சந்தேகிக்க வலுவான காரணம் உண்டு. அந்த இனத்தின் பல கோழிகளுக்கு உச்சந்தலையில் கொண்டை எழும் இடத்தில் மண்டையோடு முழுமையாக மூடுவதில்லை. எலும்பு மேல்நோக்கிப் புடைத்து, நடுவே ஒரு துளை இருக்கும். பிறந்த குழந்தையின் உச்சிக்குழியைப் போல அவ்விடத்தில் மூளைக்கும் வெளியுலகுக்கும் இடையே தோல் மட்டுமே காவல். எல்லாச் சில்கிக்கும் இவ்வமைப்பு இருப்பதில்லை. குஞ்சு பொரிந்த அன்றே தலையில் சிறு புடைப்புத் தெரிந்தால் அதற்கு இவ்வமைப்பு இருப்பதாகக் கொள்ளலாம். இத்தகைய கோழிக்கு நாட்டுச் சேவலின் ஒரே கொத்து போதும். வெளியே ஒரு துளி இரத்தம்தான் தெரியும், உள்ளே மூளை வீங்கிக்கொண்டிருக்கும். அறிகுறிகள் காயம் பட்ட உடனே தோன்றாமல் ஒன்றிரண்டு நாள் கழித்துத் தோன்றுவதற்கும் அந்த வீக்கமே காரணம்.

கழிச்சல் என்றால் படம் வேறு. ராணிக்கெட் எனப்படும் அந்நோய் பெரும்பாலும் ஒரே கோழியோடு நிற்பதில்லை. கூட்டத்தில் பல கோழிகள் சில நாள்களுக்குள் தீவனம் மறுத்து, மூச்சிரைத்து, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, சில இறந்தும் போகும். முட்டையிடுவது சட்டென்று குறையும். கழுத்துத் திருகல் அந்த அலைக்குப் பின் பிழைத்தவற்றில் எஞ்சி நிற்பதே வழக்கம். சில்கிகளை எளிதில் தாக்கும் மாரெக் நோயும் நரம்பைக் கெடுக்கும். ஆனால் அது பெரும்பாலும் இளங்கோழிகளில், ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிக்கொண்டு கிடக்கும் வாதமாகவே வெளிப்படும். உயிர்ச்சத்து ஈ, பி1 ஆகியவை குறைந்தாலும் கழுத்து வானத்தைப் பார்த்து வளையும். ஏற்காட்டு ஈரத்தில் மாதக்கணக்கில் வைத்த தீவனம் காறிப்போய் இச்சத்துகளை இழந்துவிடுவதால், மூட்டையைத் திறந்து முகர்ந்து பாருங்கள்.

எனவே நான் கேட்பவை இவை: மற்ற கோழிகள் எப்படி இருக்கின்றன, எச்சம் என்ன நிறம், தடுப்பூசி போடப்பட்டதா, தீவனம் எவ்வளவு பழையது? பதில் வரும்வரை அதைத் தனியே பிரித்து, பார்வையே எட்டாத வேறோர் அறையில் வையுங்கள். காயமானாலும் நோயானாலும் முதல் வேலை அதுதான். அதைத் தொட்ட கையோடும் செருப்போடும் அடைப்புக்குள் போக வேண்டாம்.

சேர்வராயன் தோட்டக்காரி

விரிவான விளக்கத்துக்கு மிக்க நன்றி ஐயா. மற்ற கோழிகள் அனைத்தும் நன்றாக இரை எடுக்கின்றன. எச்சம் வழக்கம்போல் கெட்டியாக, மேலே வெள்ளைப் பூச்சுடன் இருக்கிறது. பிப்ரவரியில் கால்நடைத்துறையினர் நடத்திய கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமில் எல்லாவற்றுக்கும் இறக்கையில் ஊசி போடப்பட்டது. தீவனம் புதியது. தாங்கள் சொன்ன புடைப்பு இருக்கிறதா என்று உச்சந்தலையை மெல்லத் தடவிப் பார்த்ததில் கொண்டைக்கு அடியில் மெத்தென்ற ஒரு புடைப்புத் தட்டுப்படுகிறது. இப்போது அது சமையலறையை ஒட்டிய அறையில், அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறது. தானாகக் குனிந்து இரையைக் கொத்த முடியவில்லை; கொத்தினால் குறி தப்புகிறது. வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றலாமா?

கால்நடைத்துறை ஓய்வு (சேலம்)

ஊற்றவே கூடாது. கோழியின் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே மூச்சுக்குழல் திறந்திருக்கிறது. கழுத்து திருகிய கோழியின் வாயில் நீரை ஊற்றினால் அது நேரே நுரையீரலுக்குப் போகும். நோயால் சாவதைவிட இப்படிப் பரிவோடு தண்ணீர் புகட்டிச் சாகடிப்பது அதிகம் என்று பணியில் இருந்த காலத்திலேயே சொல்லிவந்தேன். கோழியை மடியில் துண்டால் தளர்வாகச் சுற்றி வைத்துக்கொண்டு, ஒரு கையால் தலையை இயல்பான நிலையில் தாங்கி, அலகின் நுனியை மட்டும் ஆழமில்லாத தட்டில் நனையுங்கள். அதுவே உறிஞ்சி, தலையைத் தூக்கி விழுங்கும். துண்டை இறுக்கிக் கட்ட வேண்டாம். பறவைக்கு நமக்குள்ளது போன்ற உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. மார்பை அழுத்திப் பிடித்தால் சத்தமின்றி மூச்சு நின்றுபோகும்.

தீவனத்தை நீரில் குழைத்து, வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைச் சிறிது சேர்த்து, தலையைத் தாங்கியபடி ஒரு நாளில் பலமுறை சிறிது சிறிதாகக் கொத்தவிடுங்கள். மாலையில் கழுத்தடியிலுள்ள இரைப்பையைத் தடவிப் பாருங்கள். காலையில் அது காலியாகியிருக்க வேண்டும். சமையலறைத் தராசில் தினமும் எடை பார்ப்பது நல்லது. சில்கிப் பெட்டை ஏறத்தாழ 1 கிலோதான் இருக்கும் என்பதால் சிறு இழப்பும் பெரிய இழப்பே. பஞ்சு போன்ற இறகுக்குள் அது மெலிவது கண்ணுக்குத் தெரியாது.

பெட்டியின் தரையில் வழுக்காத கோணிச் சாக்கை விரித்து, துண்டைச் சுருட்டி வளையமாக வைத்தால் உருளாமல் சாய்ந்திருக்கும். தண்ணீர்க் கிண்ணத்தைப் பெட்டிக்குள் விட்டு வைக்காதீர்கள். தலை அதற்குள் விழுந்தால் எடுக்க அதற்கு வலுவிருக்காது. வெளிச்சமும் ஓசையும் குறைவாக இருக்கட்டும். அடிபட்ட கோழிக்குப் பொதுவாக வெப்பம் வேண்டும் என்போம். ஏற்காட்டு இரவில் அது உண்மைதான். ஆனால் தலைக்காயத்தில் அதிக வெப்பம் வீக்கத்தைக் கூட்டும். குளிராமல் இருந்தால் போதும். குண்டு பல்பை நேராகத் தலைக்கு மேல் தொங்கவிட வேண்டாம்.

மருந்து என்று வரும்போது, மூளை வீக்கத்தைக் குறைக்கும் மருந்தை எடை பார்த்துக் கால்நடை மருத்துவரே தர வேண்டும். பி1 கலந்த உயிர்ச்சத்து நீரைத் தருவதில் தீங்கில்லை. உயிர்ச்சத்து ஈயுடன் செலினியம் கலந்து விற்பதை மட்டும் அளவு கேட்டே கொடுங்கள், செலினியம் சற்று மிகுந்தாலும் நஞ்சு. மலையிலிருந்து சேலத்துக்குக் கொண்டுவருவதானால் விடியற்காலையில் கிளம்புங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளில் தலை ஆடாதபடி பெட்டிக்குள் துணியை அணைகொடுத்து வைக்க வேண்டும், கீழே இறங்க இறங்கக் கூடும் வெப்பத்துக்காகப் பெட்டியில் காற்றுத்துளைகளும் வேண்டும்.

அயோத்தியாப்பட்டணம் நாட்டுக்கோழி

ஐயா சொன்னதைப் படித்த பின் இதைக் கழிச்சல் என்று நான் வற்புறுத்தவில்லை. மற்றவை நலமாக இருப்பதே போதுமான சான்று. ஆனால் மஞ்சளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டீர்கள். எங்கள் தாத்தா காலத்திலிருந்து மஞ்சளும் வேப்பெண்ணெயும்தான் மருந்து. அவற்றால் கெட்டுப்போன கோழியை நான் பார்த்ததில்லை.

கன்னங்குறிச்சி மாடிவீடு

மஞ்சளைப் பற்றிப் பேச்சு வந்ததால் எங்கள் அனுபவத்தைக் கூறுகிறேன். எங்கள் கருஞ்சில்கியின் முதுகை ஒரு தெருநாய் கவ்வி விட்டுவிட்டது. மேலே பார்த்தால் இறகு கலைந்தது தவிர ஒன்றுமே தெரியவில்லை. சாதாரண இறகில் இழைகளைக் கோத்துப் பிடிக்கும் நுண்கொக்கிகள் சில்கியின் இறகில் இல்லை. அதனால் அது பஞ்சாக விரிந்து காயத்தை முழுவதும் மூடிக்கொள்கிறது. அதற்கும் மேலாக, தோலே கறுப்பு. நாட்டுக்கோழியின் வெளிர்ந்த தோலில் இரத்தக்கட்டு முதலில் சிவந்து பின்னர் பச்சையாவது தெளிவாகத் தெரியும். சில்கியில் சிவப்பும் தெரியாது, பச்சையும் தெரியாது. வெதுவெதுப்பான உப்புநீரால் இறகை நனைத்து வகிடெடுத்துப் பார்த்த பிறகே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கிழிந்திருந்தது தெரியவந்தது. அன்றிலிருந்து கண்ணை நம்பாமல், வீக்கம், சூடு, நாற்றம் ஆகிய மூன்றையும் கையாலும் மூக்காலும் சோதிப்பதை வழக்கமாக்கியிருக்கிறோம்.

அந்தக் காயத்தில் மஞ்சள் அப்பச் சொன்ன உறவினரை மருத்துவர் தடுத்தார். கடை மஞ்சள்தூள் கசியும் காயத்தின் மேல் கட்டியாக இறுகி, உள்ளே சீழ் கோப்பதை மறைத்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம். கருந்தோலில் அது இரட்டிப்புச் சிக்கல் அல்லவா?

கால்நடைத்துறை ஓய்வு (சேலம்)

மிகச் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். மஞ்சளை நான் பழிக்கவில்லை. மேலோட்டமான கீறலுக்கு வேப்பெண்ணெயில் குழைத்து மெல்லிதாகத் தடவினால் ஈ அண்டாமல் காக்கும். ஆழமான காயத்துக்கு முதல் மருந்து கழுவுதல்தான். கொதிக்கவைத்து ஆறிய 1 லிட்டர் நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் பீய்ச்சி மண்ணையும் இறகுத் துணுக்குகளையும் வெளியேற்ற வேண்டும். அதன் பின் போவிடோன் அயோடினை வெளிர்ந்த தேநீர் நிறத்துக்கு நீர்த்து ஊற்றலாம். பொங்கி நுரைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை நாள்தோறும் ஊற்றுபவர்கள், ஆறத் தொடங்கிய சதையையும் சேர்த்து எரிக்கிறார்கள். காயத்தைச் சுற்றியுள்ள இறகைக் கத்தரியுங்கள், பிடுங்காதீர்கள். புதிதாக முளைக்கும் குருத்திறகின் தண்டில் இரத்தம் ஓடுவதால் அதை வெட்டினால் இரத்தம் நிற்காது. அப்படி நேர்ந்தால் அரிசி மாவை வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். தோளை ஒட்டிய இறக்கை எலும்பு முறிந்து வெளியே தெரிந்தால் அங்கே நீரைப் பீய்ச்சக் கூடாது. அந்த எலும்பு உள்ளீடற்றது, மூச்சுக் காற்றறையோடு இணைந்தது. ஈரத்துணியால் மூடி, இறக்கையை உடலோடு சேர்த்து மென்மையாகக் கட்டி மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

நாய்க்கடியைவிடப் பூனைக்கடியை நான் அஞ்சுகிறேன். துளை ஊசிமுனை அளவே இருக்கும். ஆனால் பூனையின் வாயிலுள்ள கிருமி ஓரிரு நாளில் இரத்தத்தில் கலந்து கொன்றுவிடும். அதற்கு அன்றே நுண்ணுயிர்க்கொல்லி தொடங்கியாக வேண்டும். கோடையில் எந்தத் திறந்த காயத்திலும் ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைத்துவிடும். சில்கியின் பஞ்சிறகுக்குள் அதுவும் கண்ணுக்குத் தெரியாது என்பதால், காயம் ஆறும்வரை கொசுவலைக்குள் வைத்துக் காலையும் மாலையும் இறகை விலக்கிப் பாருங்கள்.

வீட்டிலிருக்கும் மனிதர்களுக்கான வலி மாத்திரையை நொறுக்கிக் கொடுக்கும் பழக்கம் பரவிவருகிறது. டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து கொடுத்த மாடுகளின் பிணத்தைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டங்கூட்டமாக அழிந்ததால்தான் 2006ஆம் ஆண்டில் கால்நடைகளுக்கு அம்மருந்து தடைசெய்யப்பட்டது. கோழிக்கும் அது தீங்கே.

வாழப்பாடி கால்நடை மாணவி

ஐயாவின் பதிவுக்குத் துணையாக ஒன்று. அடிபட்ட கோழிக்காக வைத்திருக்கும் பெட்டியிலேயே, தோட்டத்தில் விழுந்து கிடக்கும் ஆந்தை, குக்குறுவான் போன்ற காட்டுப்பறவைகளையும் சிலர் வைத்துப் பாலும் ரொட்டியும் கொடுக்கிறார்கள். பறவைக்குப் பால் செரிக்காது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வீட்டில் வைத்துக்கொள்ளவும் கூடாது. இருட்டான பெட்டியில், உணவு தராமல், உடனே வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். காட்டுப்பறவையும் கோழியும் ஒரே அறையில் இருந்தால் நோய் இருபுறமும் தாவும்.

சேர்வராயன் தோட்டக்காரி

ஐயா, நல்ல செய்தியோடு வந்திருக்கிறேன். மருத்துவர் பார்த்துவிட்டுத் தலைக்காயம் என்பதை உறுதிசெய்து, வீக்கம் குறைய மருந்து கொடுத்தார். கழுத்து இன்னும் முழுமையாக நேராகவில்லை. பரபரப்படையும்போது மட்டும் மீண்டும் திருகுகிறது. ஆனால் தானே நின்று தட்டிலிருந்து குழைத்த தீவனத்தைக் கொத்துகிறது, எடையும் இறங்கவில்லை. இனி இதை மறுபடி அடைப்பில் விடுவது எப்படி? மலையில் மரநாய், கீரி ஆகியவற்றின் தொல்லையும் உண்டு. நேற்று முட்டை ஒன்றும் இட்டது, அதை உண்ணலாமா?

அயோத்தியாப்பட்டணம் நாட்டுக்கோழி

மகிழ்ச்சி அம்மா. அலங்காரக் கோழி வீண் என்று முதலில் சொன்னேன். அந்தக் கருத்து இப்போதும் பாதி அப்படியே இருக்கிறது. மறுபாதி மாறியதற்குக் காரணம், முட்டைமேல் அடைபடுக்கும் அதன் குணம். எங்கள் அசீல் முட்டைகளை அடைக்கு வைக்க ஒரு சில்கிப் பெட்டையைக் கேட்டுவாங்கி வைத்திருக்கிறேன் என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். 21 நாளும் எழாமல் படுப்பதில் அதற்கு நிகர் எங்கள் கோழிகளில் இல்லை; 28 நாள் பிடிக்கும் வாத்து முட்டையைக்கூடப் பொறுமையாகப் பொரித்துத் தருகிறது. அடைப்பைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். சில்கி பரணில் ஏறாமல் தரையிலேயே மூலையில் ஒண்டிப் படுப்பதால், மரநாய்க்கு அதைவிட எளிய இரை கிடையாது. கோழிவலை என்று விற்கும் அறுகோண வலையை மரநாய் கிழித்துவிடும். அரை அங்குலக் கண் கொண்ட பற்றவைத்த கம்பிவலையை அடியில் வெளிப்புறமாக ஓரடி மடக்கி மண்ணுக்குள் புதையுங்கள். கூரையையும் மூடுங்கள். பகலில் சிறிது நேரம் வெளியே விடுவதானால் பஞ்சாரத்தைக் கவிழ்த்து வையுங்கள்.

கால்நடைத்துறை ஓய்வு (சேலம்)

நாட்டுச் சேவல் இருக்கும் அடைப்பில் அதை இனி விடவே வேண்டாம். துளையுள்ள மண்டை அப்படியேதான் இருக்கும். அடுத்த கொத்தில் இப்போதுபோல் தப்பும் என்று எண்ண இடமில்லை. சில்கிகளுக்குத் தனி அடைப்பு அமைத்து, அதற்குள்ளும் முதலில் வலைத்தடுப்புக்கு அப்பால் வைத்து, ஒன்றையொன்று பார்த்துப் பழகிய பின் சாதுவான ஒரு துணையோடு சேருங்கள். நீண்ட நாள் பிரிந்திருந்த கோழியைக் கூட்டம் புதிய கோழியாகவே நடத்தும். கழுத்துத் திருகல் பல வாரங்கள் விட்டுவிட்டு வரும். அதைப் பிடிக்க ஓடுவதும் குழந்தைகள் துரத்துவதும் கூடாது.

கண்ணை மறைக்கும் கொண்டை இறகுகளைப் புருவ அளவில் கத்தரித்துவிடுங்கள். எதிரே வரும் சேவலையும் மேலே வரும் பருந்தையும் பார்த்து ஒதுங்க அது உதவும். சில்கிக்குள்ள ஐந்தாவது விரலின் நகம் தரையில் தேயாமல் சுருண்டு வளரும் என்பதால் அதையும் அவ்வப்போது நுனியில் வெட்டுங்கள். ஏற்காட்டு மழைக்காலத்தில் காலிறகு சேற்றில் ஊறினால் உள்ளங்காலில் கட்டி வரும். தரையில் உமியைத் தடிப்பாகப் பரப்பி, நனைந்தவுடன் மாற்றுங்கள். சில்கியின் இறகு நீரைத் தள்ளாது. முழுவதும் நனைந்துவிட்டால் துண்டால் ஒற்றி, தலைமுடி உலர்த்தும் வெப்பக்காற்றுக் கருவியைக் குறைந்த சூட்டில் தள்ளிப்பிடித்து அடிவரை உலர்த்திய பிறகே கூட்டுக்குள் விட வேண்டும்.

முட்டையை இப்போது உண்ண வேண்டாம். கொடுத்த மருந்தின் பெயரைச் சொல்லி அதற்கான விலக்குக் காலத்தை, அதாவது முட்டையை உண்ணாமல் தவிர்க்க வேண்டிய நாள்களை, மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி வேளை மருந்திலிருந்து அந்தக் காலம் முடியும்வரை இடும் முட்டைகளை மற்ற கோழிகளுக்கும் வேகவைத்துப் போடாமல் புதைத்துவிடுங்கள்.

கன்னங்குறிச்சி மாடிவீடு

ஐயா, உங்களிடம் ஒரு கேள்வி: சித்திரை வெயிலில் எங்கள் மாடியில் சில்கிகள் வாயைத் திறந்து இரைக்கின்றன. வலைமேல் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, மண்சட்டியில் நீர் வைத்திருக்கிறோம். தலையில் நேரடியாகத் தண்ணீர் தெளிக்கலாமா?

கால்நடைத்துறை ஓய்வு (சேலம்)

தலையில் வேண்டாம், ஈரமான பஞ்சிறகு காற்றோட்டமில்லாத இடத்தில் சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். ஆழமில்லாத தாம்பாளத்தில் குளிர்ந்த நீரை விட்டுக் கால்கள் நனையுமாறு நிற்கவையுங்கள். கோழி வாயைத் திறந்து இரைப்பதோடு, தலையிலுள்ள சதைக்கொண்டையாலும் காலாலும் தன் சூட்டை இறக்குகிறது. நண்பகலில் தீவனத்தை எடுத்துவிட்டு அதிகாலையிலும் மாலையிலும் மட்டும் போடுங்கள். அதற்கும் அடங்காமல் கண்சொருகித் தள்ளாடினால் வீட்டுக்குள் மின்விசிறிக்கு அருகே கொண்டுவந்துவிட்டு மருத்துவரை அழையுங்கள்.